தனியாகச் சுடும்போது குண்டு பட்ட இடத்தைப் பார்ப்பது: எந்த வழி யாருக்கு?

50 மீட்டரில் .22 ரைபிளோடு (5.6 மி.மீ. குண்டு போடும் சிறு ரைபிள்) குப்புறப் படுத்துச் சுடுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "ஒன்பது, நாலு மணிப் பக்கம்" (ஒன்பது மதிப்பெண் வளையம், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் திசை) என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சி பாதி சுலபம். அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். மதுரையில் விடிந்ததும் ரேஞ்சுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் துணைக்கு யாரும் இல்லாமல்தான் சுடுகிறார்கள். ரேஞ்ச் பொறுப்பாளர் இருப்பார், பக்கத்து லேனில் ஆள் இருப்பார். ஆனால் உங்கள் டார்கெட்டைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்காது.

இதற்கு ஐந்தாறு வழிகள் உண்டு. எது விலை கூடியது, எது நவீனமானது என்று பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பட்ட இடத்தைப் பார்ப்பதற்காக உங்கள் உடம்பு எவ்வளவு அசைகிறது? தோளிலிருந்து ரைபிளை எடுக்காமல், முழங்கையை நகர்த்தாமல், கன்னத்தை மட்டும் லேசாக விலக்கிப் பார்க்க முடிந்தால் அந்த வழி நல்லது. எழுந்து உட்கார வைத்தால், எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும் அடுத்த ஷாட்டைக் கெடுக்கும்.

முதலில் துளையின் அளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தூரத்தைத் தொலைநோக்கியின் பெருக்கத்தால், அதாவது அது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறதோ அந்த எண்ணால் வகுத்தால், வெறும் கண்ணால் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம் என்று தெரிந்துவிடும். 50 மீட்டரில் 20 மடங்கு என்றால் இரண்டரை மீட்டரிலிருந்து பார்ப்பது போல. 5.6 மி.மீ. துளை டார்கெட்டின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில் இருந்தாலும் தெரியும். 100 மீட்டரில் அதே 20 மடங்கு ஐந்து மீட்டருக்குச் சமம். வெள்ளையில் இருந்தால் தெரியும், கறுப்பில் இருந்தால் தேட வேண்டிவரும். 300 மீட்டரில் 7.62 மி.மீ. துளையை 40 மடங்கில் பார்த்தால் ஏழரை மீட்டர். கணக்குப்படி தெரிய வேண்டும். காலை எட்டரைக்கு மேல் மதுரையின் தரைச்சூட்டில் தெரியாது. அதற்குக் காரணம் கானல், தரைச்சூட்டில் காற்று நெளிவது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்பாட்டிங் ஸ்கோப்

ரைபிளோடு சேராமல் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கும் தொலைநோக்கி இது. டயாப்டர் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் அமைப்பு) வைத்து 50 மீட்டர் சுடுகிறவருக்கு இதுதான் முதல் தேர்வு, தயங்காமல் சொல்லலாம். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) ரைபிள் போட்டிகளில் ரைபிளின் மேல் தொலைநோக்கி பொருத்தக் கூடாது. ஆனால் 50 மீட்டரிலும் 300 மீட்டரிலும் ரைபிளோடு சேராத தனி ஸ்கோப்பை வைத்துப் பட்ட இடத்தையும் காற்றையும் பார்க்கலாம். போட்டியில் பயன்படுத்தப் போவதையே பயிற்சியிலும் பயன்படுத்துவது எப்போதும் லாபம்.

என்ன வாங்குவது? 60 முதல் 65 மி.மீ. முகப்புக் கண்ணாடி 50 மீட்டருக்கும் 100 மீட்டருக்கும் போதும். 80 மி.மீ. எடுத்தால் கனமும் விலையும் ஏறும். 300 மீட்டர் சுடுகிறவருக்கு மட்டும் அது பொருந்தும். "20–60" என்று போட்ட ஜூம் ஸ்கோப்பில் அந்த 60-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். முகப்பின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 60 மி.மீ. கண்ணாடியில் 20 மடங்குக்கு 3 மி.மீ., 60 மடங்குக்கு வெறும் 1 மி.மீ. படம் இருண்டுவிடும், கண்ணை ஒரு நூல் நகர்த்தினால் மறைந்தும்விடும். படுத்த நிலையில் கண்ணைத் துல்லியமாக அதே இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் நிலையான 20 அல்லது 25 மடங்கு கண்வில்லை, அதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளியிருந்து பார்க்கும்படி 15 மி.மீ.க்கு மேல் கண்-இடைவெளி (வில்லைக்கும் கண்ணுக்கும் நடுவே விடக்கூடிய தூரம்) உள்ளது, ஜூமைவிட நல்லது.

நேர்க்குழாயா, 45 பாகை வளைந்ததா என்பது அடுத்த கேள்வி. படுத்துச் சுடுகிறவருக்கு வளைந்ததே வசதி. ஸ்கோப்பின் உடலை, அதை ஸ்டாண்டோடு பிடிக்கும் வளையத்துக்குள் திருப்பி, கண்வில்லை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைக்கலாம். வலக்கைக்காரர் இடக்கண்ணுக்கு நேரே வைக்க வேண்டும். ஷாட் முடிந்ததும் கன்னத்தை ஒரு விரல்கடை இடப்பக்கம் நகர்த்தினால் கண்வில்லை கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். அதற்கு மேல் தலை போனால் ஸ்டாண்டைச் சரிசெய்யுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் ஸ்கோப்பில் குறையுங்கள், ஸ்டாண்டில் குறைக்காதீர்கள். கேமரா கடையில் கிடைக்கும் மலிவான முக்காலி கால்விரித்து நிற்கும்; ஒரு கால் எப்போதும் முழங்கைக்கு இடைஞ்சலாக வரும். தரையோடு தாழ இறங்குகிற கனமான அடித்தட்டும், நேர்த்தண்டும், அதில் மேலும் கீழும் ஓடி இறுகும் பிடியும்தான் தேவை. இதை நல்ல லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். 10 மி.மீ. தகட்டில் ஒரு சாண் அகல அடித்தட்டு, 16 மி.மீ. தண்டு, பக்கவாட்டில் கைப்பிடித் திருகு உள்ள ஒரு பிடி. ஸ்கோப்பின் பாதத்தில் இருப்பது பெரும்பாலும் கேமராக்களில் வரும் கால் அங்குல மரை. பட்டறையில் சொல்லும்போது இந்த மரையைத் தவறாமல் சொல்லுங்கள். மெட்ரிக் போல்ட்டைத் திணித்து ஏற்றினால் மரை போய்விடும்.

பெஞ்சில் உட்கார்ந்து சுடுகிறவர்கள் ஸ்கோப்பை அதே பெஞ்சின் மேல் வைக்கக் கூடாது. மூச்சு விட்டாலும் படம் ஆடும். தரையில் தனி ஸ்டாண்ட் வையுங்கள்.

இந்த வழியின் இன்னொரு பலன் மற்ற வழிகளில் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது: காற்றைக் காட்டும். டார்கெட்டின் மேல் ஃபோகஸ் வைத்துவிட்டு, பாதி அல்லது முக்கால் தூரத்துக்கு ஃபோகஸைப் பின்னிழுத்தால் கானலின் ஓட்டம் தெரியும். இடமிருந்து வலமாக ஓடினால் காற்று அந்தப் பக்கம். நேராக மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது நேர் முன்னிருந்தோ பின்னிருந்தோ வருகிறது. ஆடி மாதத்தில் இது பெரிய உதவி. நொடிக்கு நாலைந்து மீட்டர் குறுக்குக்காற்று .22 தோட்டாவை 50 மீட்டரில் ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளும். அந்த டார்கெட்டில் ஒரு வளையத்தின் அகலம் 8 மி.மீ. ஆக, இரண்டு வளையத்துக்கு மேல் போய்விடும். துளையை மட்டும் பார்க்கிறவர் சைட்டை நகர்த்தும் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்புவார். காற்றையும் பார்க்கிறவர் காத்திருப்பார்.

குறை என்ன? கானல்தான். மாசி, பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் செம்மண் தரைக்கு மேல் ஒன்பது மணிக்குப் பிறகு 25 மடங்குக்கு மேல் போட்டால் துளைகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். இதற்கு விலை உயர்ந்த கண்ணாடியும் மருந்தாகாது, காற்று செய்கிற வேலை அது. பெருக்கத்தைக் குறைத்தால் துளை சிறிதாகத் தெரியும், ஆனால் நிலையாகத் தெரியும். 100 மீட்டருக்கு மேல் பகலில் சுடுகிறவருக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் எல்லை இங்கேயே வந்துவிடுகிறது.

ரைபிள் ஸ்கோப்பிலேயே பார்ப்பது

ரைபிளின் மேல் தொலைநோக்கி வைத்துச் சுடுகிறவர்கள் தனிக் கருவி வாங்குவதற்கு முன் இதை முயன்று பார்க்க வேண்டும். .22-க்கு உதை மிகக் குறைவு. 50 மீட்டரில் 16 முதல் 24 மடங்கில், வெள்ளைத் தாளில் துளை விழுவதைக் கண்ணை எடுக்காமல் பார்க்கலாம். உடம்பு அசைவதே இல்லை. அளவுகோல்படி இதுதான் முதலிடம்.

பெரிய தோட்டாவில் நிலைமை வேறு. .308 தோட்டா (7.62 மி.மீ.) 300 மீட்டர் போக ஏறக்குறைய 0.4 நொடி ஆகும். அதற்குள் உதைத்து எழும்பிய ரைபிள் திரும்பி வந்து அமர வேண்டும். உடம்பு ரைபிளுக்கு நேர் பின்னால் இல்லாமல் சாய்ந்து கிடந்தால், உதை ரைபிளை ஒரு பக்கம் தள்ளிவிடும், டார்கெட் பார்வையிலிருந்து போய்விடும். தோளும் இடுப்பும் குழல் கோட்டுக்கு நேராக, பைபாடின் (ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக்கால்) மேல் கொஞ்சம் முன்பாரம், பின்கட்டைக்குக் கீழே மணல் பை, பெருக்கம் 10 அல்லது 12-க்குள். இவ்வளவும் சரியாக இருந்தால் ரைபிள் நேராகப் பின்னுக்கு வந்து அதே இடத்தில் நிற்கும். பெருக்கத்தைக் கூட்டினால் பார்வைப் பரப்பு குறுகி, பட்ட கணத்தைத் தவறவிடுவீர்கள். குறைந்த பெருக்கத்தில் தாளின் துளை தெரியாது, மண்மேட்டில் கிளம்பும் தூசி தெரியும். அதனால் இது பட்டதா, எந்தப் பக்கம் தவறியது என்று சொல்லும். வளையம் எண்ணித் தராது.

டார்கெட்டை மாற்றுவது

செலவே இல்லாத வழி இதுதான். இதைச் செய்யாமல் கண்ணாடிக்குப் பணம் போடுவது வீண்.

கறுப்பில் விழுந்த துளை ஏன் தெரிவதில்லை? துளை வழியாகத் தெரிவது பின்னால் இருப்பதுதான். பின்னால் இருண்ட பலகை இருந்தால் கறுப்பில் கறுப்பு. சட்டத்தின் பின்பலகையில் கறுப்பு வட்டத்துக்கு நேரே 15 செ.மீ. அளவுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். 50 மீட்டர் டார்கெட்டின் கறுப்பு 112.4 மி.மீ. விட்டம்தான். பின்னால் வெயில் படும் மண்மேடு இருந்தால் துளைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். மண்மேடு நிழலில் இருக்கும் நேரத்தில் இது பலிக்காது. உங்கள் ரேஞ்சில் மேட்டின் மேல் வெயில் எப்போது விழுகிறது என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் போதும்.

தாள் முக்கியம். மெல்லிய தாளில் ஈயக்குண்டு வட்டமாகத் துளைக்காது. நட்சத்திரமாகக் கிழித்துவிட்டு ஓரம் மூடிக்கொள்ளும். தடித்த, பளபளப்பில்லாத அட்டை வேண்டும். கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்தால் சிவகாசியில் ஆஃப்செட்டில் ஆயிரக்கணக்கில் அடித்து வாங்குவது கட்டுப்படியாகும். அச்சகத்தில் "மேட் கறுப்பு, வார்னிஷ் வேண்டாம்" என்று சொல்ல மறக்காதீர்கள். வார்னிஷ் போட்டால் காலை வெயிலில் பாதி டார்கெட் கண்ணாடியாக மின்னும்.

துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் விரியும் ஸ்பிளாட்டர் ஒட்டிகளை வீட்டிலேயே செய்யலாம். பளீர் மஞ்சள் சார்ட்டின் மேல் அகலமான செல்லோ டேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்டி, அதன் மேல் மேட் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட்டை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து, முழுதாகக் காயவிட வேண்டும். குண்டு படும்போது டேப்பின் மேலுள்ள பெயின்ட் உதிர்ந்து மஞ்சள் தெரியும். தடிமனாக அடித்தால் உதிராது. அடித்த அன்றே பயன்படுத்தினால் இளகி ஒட்டிக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் வண்டியின் டிக்கியில் அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நடுவே பட்டர் பேப்பர் போடுங்கள். 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு இது சாலப் பொருத்தம். துளையைவிடப் பல மடங்கு பெரிய தடம் கிடைப்பதால் சாதாரண பைனாகுலரே போதும். ஆனால் வளையத்தைத் துல்லியமாக எண்ண முடியாது. நெருங்கிய இரண்டு ஷாட்டுகளின் தடங்கள் கலந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பழக்கம் உண்டு: ஒரு வட்டத்துக்கு ஒரு குண்டு. ஒரே தாளில் பத்து, பன்னிரண்டு சிறு வட்டங்கள் அச்சிட்டு, இடப்பக்க மேல் மூலையிலிருந்து வரிசையாகச் சுட்டால், கடைசியாகப் பட்டது எது என்ற குழப்பமே வராது. தனியாகச் சுடுகிறவருக்குத் துளை தெரியாததைவிட, எது புதிய துளை என்று தெரியாததுதான் பெரிய தொல்லை. அதை ஒரு தாள் தீர்த்துவிடுகிறது.

இரும்புத் தட்டு

ஓசையே பதில் சொல்லும். 100 மீட்டரில் .22 சுட்டால் குண்டு போய்ச் சேர மூன்றில் ஒரு நொடி, ஓசை திரும்பிவர இன்னும் கொஞ்சம், மொத்தம் அரை நொடிக்குச் சற்று மேல். கண்ணை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டதா இல்லையா என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. வெள்ளை பெயின்ட் அடித்து வைத்தால் ஈயத் தடம் தெரியும், ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மறுபடி அடிக்க வேண்டும்.

எச்சரிக்கை இங்கே அவசியம். வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் எம்.எஸ். (மென் எஃகு) தகட்டைத் தொங்கவிடாதீர்கள். குண்டு பட்ட இடத்தில் அது குழிந்துவிடும். அடுத்த குண்டின் சிதறலை அந்தக் குழி சுட்டவர் பக்கமே திருப்பும். ஏ.ஆர்.500 போன்ற கடினப்படுத்திய எஃகுதான் வேண்டும். மேல் விளிம்பு சுடுகிறவர் பக்கம் சற்று முன்சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் சிதறல் தரைக்குப் போகும். பெரிய ரைபிளுக்கு 100 மீட்டருக்குக் குறைவாக இரும்பு வைக்கவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடக் கூடாது. ரேஞ்ச் பொறுப்பாளர் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

டார்கெட் பக்கத்தில் கேமரா

100 மீட்டருக்கு மேல், கானல் எழும்பும் நேரத்தில் சுடுகிறவர் இதற்குத்தான் போக வேண்டும். கேமரா டார்கெட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் பக்கத்தில் இருப்பதால் கானல் அதற்குக் கிடையாது. படம் வயர்லெஸ்ஸில் உங்கள் கைப்பேசிக்கு வரும். இதற்கென்றே விற்கும் கருவிகளில் ஒரு நல்ல வசதி உண்டு: முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் புதிய துளையை மட்டும் மினுக்கிக் காட்டும். தாள் காற்றில் படபடத்தால் அந்த ஒப்பீடு தவறிவிடும். ஆகவே நான்கு மூலையில் குத்தினால் போதாது. ஓரம் முழுக்க அட்டையோடு ஒட்டுங்கள்.

பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் அதிலேயே செய்யலாம். ஐ.பி. கேமரா செயலியைப் போட்டு, ஹாட்ஸ்பாட் வழியாக இன்னொரு கைப்பேசியில் பார்ப்பது. 50 மீட்டருக்குப் பெரும்பாலும் எட்டும். 100 மீட்டரில் இடையில் மேடோ புதரோ இருந்தால் அறுந்து அறுந்து வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், 5-ஐவிடத் தூரம் போகும். தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்துக்கு ஏற்றினாலே சிக்னல் தேறும். நேர் வெயிலில் கைப்பேசி சூடேறித் தானாக அணையும், நிழல் கட்டாயம். எக்ஸ்போஷரைப் பூட்டி வைக்கவில்லையென்றால் வெள்ளைத் தாள் வெளுத்துப் போய்த் துளை மறைந்துவிடும்.

வைக்கும் இடம்: குண்டு போகும் கோட்டுக்குக் கீழே, ஒரு பக்கமாக, முன்னால் இரண்டு அடுக்கு மணல் மூட்டை. மூட்டைக்கு மேல் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். கேமராவைத் தொடப் போகும்போது போல்ட் திறந்து, சேம்பரில் (தோட்டா இருக்கும் அறை) அது காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி செருகி, ரேஞ்ச் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கோட்டைத் தாண்ட வேண்டும். ஏதாவது கோளாறாகி அடிக்கடி முன்னே நடக்க நேர்ந்தால், பக்கத்து லேன்காரர்களையும் நிறுத்திக்கொண்டிருப்பீர்கள். ஆள் அதிகம் உள்ள ஞாயிற்றுக்கிழமைக்கு இது சரிப்படாது.

ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் கண்வில்லையில் கைப்பேசியை அடாப்டரால் பொருத்துவது இரண்டுக்கும் நடுவழி. திரை முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும், வீடியோவைப் பின்னோட்டிப் பார்க்கலாம். கானல் தொல்லை அப்படியே இருக்கும், வெயிலில் திரையும் தெரியாது. கறுப்புச் சார்ட்டில் ஒரு கூண்டு செய்து போட்டால் ஓரளவு பயன்படும். உட்கார்ந்து சுடும் முதியவர்களுக்கும் கழுத்துவலிக்காரர்களுக்கும் பரிந்துரைக்கலாம்.

எலக்ட்ரானிக் டார்கெட்

குண்டு பட்ட இடத்தைத் தானே கணித்துத் திரையில் காட்டும் டார்கெட் இது. சியுஸ், மேட்டன், மெகாலிங்க் போன்ற நிறுவனங்களின் அமைப்புகள் கிளப் வாங்க வேண்டியவை, தனியாளுக்கு அல்ல. ஒலியை வைத்து இடம் கணிக்கும் சிறிய அமைப்புகளை வாங்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்த சட்டத்தில் மைக்குகள் வைத்த வகை, குண்டு ஒலியை மிஞ்சிப் போகும்போது எழும் அதிர்வலையைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. .22 போட்டித் தோட்டா நொடிக்கு ஏறக்குறைய 320–330 மீட்டர். 35 பாகை வெயிலில் ஒலியின் வேகம் 350-க்கு மேல். அதிர்வலையே எழாது, கருவி எதையும் பதிவு செய்யாது. ரப்பர் திரை போட்டு மூடிய அறை வகைதான் .22-க்கு உதவும்.

எப்போது பார்ப்பது

எந்த வழியானாலும், பார்ப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். ட்ரிக்கர் விழுந்த கணத்தில் சைட் எங்கே இருந்தது என்று மனதுக்குள் "ஒன்பதரை, நாலு மணி" எனச் சொல்லி, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு பார்க்க வேண்டும். சொன்னதும் பட்டதும் ஒத்துப்போனால் தவறு பிடியில் அல்லது ட்ரிக்கரில். ஒத்துப்போகவில்லையென்றால் காற்று, சைட் அமைப்பு, தோட்டா இவற்றைச் சந்தேகிக்கலாம். துளையைப் பார்க்கும் அவசரத்தில் தலை தூக்குவது தனியாகச் சுடுகிறவர்களின் வியாதி. சைட் சரிபார்க்கும் ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஐந்தும் முடிந்த பின் பாருங்கள்.

யார் எதை எடுக்கலாம்

50 மீட்டர் டயாப்டர்காரருக்கு 60 மி.மீ. வளைந்த ஸ்கோப்பும் கனமான ஸ்டாண்டும். ஏர் ரைபிளை 30, 50 மீட்டரில் சுடுகிறவருக்குப் பல வட்டத் தாளும் ஸ்பிளாட்டரும் போதும், மிச்சப் பணம் பெல்லட்டுக்கு. 4.5 மி.மீ., குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்பதால் சிலர் தோட்டத்திலும், மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளிலும் சுடப் போகிறார்கள். பாறையில் பட்ட குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் மண்மேடு இல்லாத இடம் சுடும் இடமல்ல. 300 மீட்டர் பெரிய ரைபிள்காரருக்குக் காலையில் 80 மி.மீ. ஸ்கோப், வெயில் ஏறியபின் கேமரா. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேமரா.

ஸ்கோப் வாங்குவதாக முடிவு செய்தால் அதன் வழியாகத் தூரத்துக் கடைப் பலகையைப் படித்துப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். பெரிய எழுத்து எந்தக் கண்ணாடியிலும் தெரியும். ஒரு கறுப்புச் சார்ட்டில் அலுவலகப் பஞ்ச்சால் ஐந்தாறு துளை போடுங்கள். அந்தத் துளை 6 மி.மீ., .22 துளைக்கு மிக நெருக்கம். இரண்டைச் சேர்த்தாற்போலவும் மற்றவற்றைத் தள்ளியும் போட்டு, 50 மீட்டர் தள்ளி ஒரு சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கித் தொங்கவிடுங்கள். பத்து மணிக்கு ஒருமுறை, மாலை ஐந்தரைக்கு ஒருமுறை பாருங்கள். சேர்ந்திருக்கும் இரண்டும் இரண்டாகத் தெரிய வேண்டும், படத்தின் ஓரத்தில் வைத்தாலும் வட்டமாகவே தெரிய வேண்டும், துளையைச் சுற்றி ஊதா அல்லது பச்சை விளிம்பு இருக்கக் கூடாது. ஃபோகஸ் திருகைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் படம் அங்கேயே நிற்க வேண்டும். சோதித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.